மாமியார் மொழிபெயர்த்தால் வயிற்று வலிதான்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு மருமகளாக வந்து நாலு மாதம், மாதவிடாய்க்கு நடுவிலும் ரத்தம் போகிறது, கிளினிக்கில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் மகளிர் பிரிவுக்கு அவசரம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள், அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள் தங்கச்சி. அவசரம் என்றால் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டதாக அர்த்தமில்லை. அப்படி எதுவும் இல்லை என்று சீக்கிரம் உறுதி செய்துகொள்ளத்தான் பார்க்கிறார்கள்.

கர்ப்பமா என்று பார்க்க முதலில் மூத்திரம் பிடித்துத் தரச் சொல்வார்கள். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், உள்ளே விட்டு எடுப்பதற்குக் காலியாக இருக்க வேண்டும். அதனால் மிஸ்ஸியை, அதாவது நர்ஸை, கேட்காமல் கழிவறைக்குப் போகாதீர்கள். கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயையும் பார்ப்பார்கள். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம், கூச்சம் வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. மாமியாரை வெளியே உட்காரச் சொல்லுங்கள்.

1997இல் பட்டுக்கோட்டையிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு வார்த்தை மலாய் தெரியாது. பதினெட்டு நாளாக ரத்தம் நிற்கவில்லை. குதிரைப் படம் போட்ட கலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். தனியார் கிளினிக்கில் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். என் மாமியார் டாக்டரிடம் திரும்பி, "சாகிட் பெருட்" என்றார். வயிற்று வலியாம்! வாயு மாத்திரையோடு வீடு திரும்பினேன். அடுத்த வாரம் குளியலறையில் மயங்கி விழுந்தேன்.

ஆகவே "டாரா பாஞாக், சுடா டுவா மிங்கு", அதாவது ரத்தம் நிறைய, ரெண்டு வாரமாச்சு, என்று நீங்களே சொல்லப் பழகுங்கள். ரத்தம் போன தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ, தலை சுற்றினாலோ, நாள் தள்ளிப்போய் ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்தாலோ ஆஸ்பத்திரியில் கொடுக்கும் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பாஸ்போர்ட்டையும் கூடுதல் பணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், குடிமக்களுக்கான அஞ்சு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் நமக்கு இல்லை. கேஎல்லில் (கோலாலம்பூரில்) இருக்கும் நம் ஊர்க்காரர்கள் "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியா, ஐயோ!" என்பார்கள். அவர்களுக்குக் கம்பெனி கட்டுகிறது, பேசுவார்கள்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. விடியுமுன் தலைவிளக்கோடு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவப் போனவர், இந்தப் பேச்சையே வாயில் எடுத்துப் பழகாதவர். மாதவிடாய் நின்று பல வருஷம் கழித்து அவருக்கே ரத்தம் பட்டது. அந்த வயதில் ஒரு சொட்டானாலும் காட்டியாக வேண்டும். துணி துவைக்கும்போது நான்தான் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரிடம் மலாயில் நான் ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்ல, மாமியார் மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.