கடைசி நொடியில் ஏலம் கேட்பவர்களுக்கு: கேள்வி-பதில்

ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் ஏலம் முடிய 3 நொடி இருக்கும்போது கேட்டேன். அதற்கப்புறம் வேறு யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பொருள் இன்னொருவருக்குப் போய்விட்டது. எப்படி?

அவர் தன் உச்சத் தொகையை முன்பே போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார். போட்ட தொகை அப்படியே திரையில் வராது. தேவைப்படும்போது மட்டும் தளமே அவருக்காக ஏற்றிக் கேட்கும். திரையில் 62 டாலர், அவர் போட்டு வைத்தது 100 என்று வையுங்கள். நீங்கள் 80 கேட்டால் விலை 81-க்கு ஏறி அவர் பெயரிலேயே நிற்கும். 120 கேட்டிருந்தால் அவருடைய 100-ஐ ஒரு படி தாண்டி, 102.50-க்கு உங்களுக்குக் கிடைத்திருக்கும். 120-ஐயும் கட்ட வேண்டியதில்லை. நீங்களும் சரியாக 100 கேட்டிருந்தால்? முதலில் கேட்டவருக்குத்தான்.

அப்படியானால் முதல் நாளே 120 போட்டுவிடலாமே, ஏன் காத்திருக்க வேண்டும்?

கணக்குப்படி சரிதான். ஆனால் எதிரே இருப்பவர் கணக்குப்படி நடப்பதில்லையே! "இன்னும் ஒரு டாலர்தானே" என்று ஏற்றிக்கொண்டே போகிற ஆட்கள் உண்டு. கடைசியில் கேட்டால் அவர்களுக்கு யோசிக்க நேரமிருக்காது. பழம்பொருட்களில் இன்னொரு சங்கதி: விவரம் தெரிந்தவர் கை வைத்தாலே "இதில் ஏதோ இருக்கிறது" என்று மற்றவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஈபேயில் ஏலம் குறித்த நேரத்தில் முடிந்துவிடும். அன்றைய அமேசான் ஏலத்திலோ கடைசியில் யாராவது கேட்டால், அதன்பின் 10 நிமிடம் யாரும் கேட்காதவரை ஏலம் முடியாது. கடைசி நேரக் கூட்டம் ஈபேயில்தான் அதிகம்; அங்கும் கணினிகளைவிடப் பழம்பொருட்களில் அதிகம். ஆகவே, நேரம் நீளும் தளத்தில் இந்த உத்தியை நம்பாதீர்கள்.

இது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. கடைசி நொடியில் கேட்பது ஈபே விதிப்படியே செல்லும். விற்பவரே வேறு பெயரில் வந்து விலையை ஏற்றுவதுதான் ஏமாற்று.

நமக்காகக் கடைசி நொடியில் கேட்கும் மென்பொருள்களை நம்பலாமா?

பல சேவைகளுக்கு உங்கள் கணக்கைத் திறந்துவிட வேண்டியிருக்கும். எனக்கு அது பிடிக்காது. கையால் கேட்பதென்றால் 1 நொடி வரை இழுக்காதீர்கள்; இணையம் திணறினால் போச்சு. தொகையை முன்பே தட்டி வைத்து, உறுதி செய்யும் பொத்தானை மட்டும் பத்து நொடி இருக்கையில் அழுத்துங்கள். அஞ்சல் செலவையும் சேர்த்துத்தான் அந்தத் தொகையை முடிவு செய்ய வேண்டும். பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.