நடும்போது முப்பது பேர், இப்போது ஐந்து பேர்

கேள்வி: அக்கா, எங்கள் சபை வளாகத்தில் சும்மா கிடந்த இடத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறோம். விளைவதைத் தேவையுள்ள குடும்பங்களுக்குக் கொடுப்பதாகத் திட்டம். நாற்று நட்ட அன்று பிள்ளைகளையும் சேர்த்து முப்பது பேர் வந்தார்கள், ஒரே கொண்டாட்டம். கோடை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, இப்போது ஐந்து பேர்தான் வருகிறோம். பாத்தி பன்னிரண்டு, ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். பூவாளியில் சுமந்துதான் தண்ணீர் ஊற்றுகிறோம். களை எங்களை ஜெயித்துவிட்டது. தக்காளியில் முதலில் வந்த காய்களே அடிப்பக்கம் கறுத்து அழுகுகின்றன. இது போதாதென்று, சபை மூப்பர் ஒருவர் தினமும் காலையில் வந்து சுற்றிப் பார்த்து, ஒரு களைகூடப் பிடுங்காமல், "இப்படியா தோட்டம் வைப்பார்கள்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். போதகரிடம் சொல்லி ஆராதனையில் கண்டிப்பாக ஓர் அறிவிப்புக் கொடுக்கச் சொல்லலாமா, இல்லை இந்த வருடத்தோடு விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட தோட்டப் பொறுப்பாளர்

பதில்: இரண்டும் வேண்டாம். முக்கியமாக அந்த அறிவிப்பு வேண்டவே வேண்டாம். பொதுவாகக் கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். கண்டிப்பாகக் கூப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு வாரம் வராமல் போனவருக்கு மறுவாரம் வரவே கூச்சமாகிவிடும், அப்புறம் உங்களைப் பார்த்தாலே வேறு வாசல் வழியாகப் போவார்.

நட்டது நான், நீர்ப்பாய்ச்சியது அப்பொல்லோ என்று வேதாகமத்தில் பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். உங்கள் தோட்டத்தில் பவுல்கள் முப்பது பேர், அப்பொல்லோக்கள் ஐந்து பேர், அவ்வளவுதான். எந்தத் தோட்டத்திலும் இப்படித்தான் நடக்கும். நடுவது ஒரு நாள் வேலை, இதமான பருவத்தில், கூட்டமாக, சிரித்துப் பேசிக்கொண்டே செய்வது. கோடையில் செய்கிற வேலையோ தினமும் உண்டு, வெயிலில், பெரும்பாலும் தனியாக, யாரும் பார்க்காத நேரத்தில். முதல் வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் இரண்டாவது வேலைக்கும் ஒப்புக்கொண்டதாக நீங்கள் நினைத்துவிட்டீர்கள். அவர்கள் அப்படி ஒப்புக்கொள்ளவே இல்லை.

சரி, ஐந்து பேர். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டே ஒரு கணக்குப் போடுவோம். காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். உங்கள் பாத்தி 3 சதுர மீட்டர், ஆக ஒரு பாத்திக்கு 75 லிட்டர், பன்னிரண்டுக்கும் சேர்த்து 900 லிட்டர். 10 லிட்டர் பூவாளியில் 90 நடை! வெயில் ஏற ஏற இதைவிட அதிகமாகத்தான் ஆகும். ஐந்து பேர் பங்கு போட்டாலும் ஆளுக்குப் பதினெட்டு நடை, ஒவ்வொரு நடையிலும் கையில் பத்து கிலோ. இதைச் செய்துவிட்டுக் களையும் எடுக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் மறுநாள் வர மனசு வரும்? உங்கள் ஆட்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். முதுகு வலிக்கிறது, அதுதான் விஷயம்.

அதனால் ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு வேலையைக் குறையுங்கள். முதலில் பாத்திகளில் ஐந்தை மூடிவிடுங்கள். கேட்கவே வயிறு எரியும், தெரியும். ஆனால் குளிரில் போட்டு இப்போது பூத்து நிற்கிற முள்ளங்கி, கசந்துபோன லெட்டூஸ் மாதிரியானவை இனி எதற்கு? வெட்டிப் போட்டு, மேலே அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, நன்றாக நனைத்து, அதன்மேல் காய்ந்த இலையைக் கொட்டிவிட்டால் அடியில் உள்ள களையும் வெளிச்சம் இல்லாமல் சாகும், அடுத்த பருவத்துக்கு மண்ணும் தயாராகும். மூடிய பாத்தியைப் பார்த்து யாரும் குறை சொல்ல மாட்டார்கள், காடு மண்டிய பாத்தியைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

மீதி ஏழுக்கும் மூடாக்குப் போடுங்கள். இதை மட்டும் செய்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீரும். வைக்கோலோ காய்ந்த இலையோ 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப வேண்டும், செடியின் தண்டை ஒட்டி மட்டும் ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். முதலில் களை எடுத்து, மண் ஆழம்வரை நனைந்த பிறகுதான் பரப்ப வேண்டும். காய்ந்த மண்மேல் போட்டால் நீங்கள் ஊற்றுகிற தண்ணீரை வைக்கோலே குடித்துவிடும். அப்புறம் அந்தப் பூவாளி. யாராவது ஒருவரிடம் நீளமான ஹோஸ் ஒன்று சும்மா கிடக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். ஆள் கேட்பதைவிட ஹோஸ் கேட்பது சுலபம், கொடுத்தவர் அது வேலை செய்கிறதா என்று பார்க்கவாவது ஒருநாள் வருவார். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது வெந்நீர், அதைச் செடிமேல் விடாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு பாய்ச்சுங்கள்.

தக்காளிக்கு வருகிறேன். காயின் அடிப்பக்கம் தோல் மாதிரிக் கறுத்துக் குழிவது பூச்சியோ தொற்றுநோயோ இல்லை. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கத்தான் செய்யும், ஆனால் அது தண்ணீரோடு சேர்ந்துதான் ஏறும். மூன்று நாள் காயப்போட்டு நாலாம் நாள் வெள்ளமாக விட்டால் எப்படி ஏறும்? முட்டை ஓட்டைப் பொடித்துப் போடு என்று இதற்குள் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். போடுவதில் தப்பில்லை, ஆனால் அது மட்கிச் சேர மாதங்கள் ஆகும், இந்தக் காய்களுக்கு உதவாது. கறுத்ததைப் பறித்துப் போட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரே அளவாக, ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அடுத்து வருகிற காய்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும். பகலில் 35 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் பூ உதிர்ந்தால் உரத்தைக் கொட்டாதீர்கள். அந்தச் சூட்டில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, வெயில் தணிந்தால் செடி தானாகவே மறுபடி காய் பிடிக்கும். இன்னொன்று, மதியம் மூன்று மணிக்கு இலை துவண்டு கிடப்பதைப் பார்த்துப் பதறி ஓட வேண்டாம். வெள்ளரி, சுரை எல்லாம் வெயிலில் அப்படித்தான் துவளும். மறுநாள் விடிகாலையிலும் துவண்டே இருந்தால்தான் அது தாகம்.

நானும் ஒரு சபைத் தோட்டத்தில் மூன்று கோடை மாரடித்திருக்கிறேன், அதனால்தான் இத்தனை பேச்சு. முதல் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளுக்கொரு நாள் என்று அழகாகப் பட்டியல் எழுதி ஒட்டினோம். நடந்தது என்னவென்றால், வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பீன்ஸ் பாத்திக்கு எல்லாரும் ஊற்றினார்கள், கடைசி மூலையில் இருந்த வெண்டைக்கு யாருமே ஊற்றவில்லை. பீன்ஸ் மஞ்சளாகி நின்றது, வெண்டை சுருண்டது. குற்றவாளிகளில் நானும் ஒருத்தி. பிறகு குழாய்க்கு மேலே ஒரு சின்னக் கரும்பலகையைக் கயிற்றில் தொங்கவிட்டோம், பாத்தி எண், அதற்கு நேரே தண்ணீர் விட்ட கிழமை. சாக்பீஸ் நனைந்து குழகுழவென்று ஆகிவிடும், எழுத்து பாதி அழிந்திருக்கும், இருந்தாலும் அந்தப் பலகை வந்த பிறகு வெண்டை பிழைத்தது.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் நிச்சயம் நடந்துகொண்டிருக்கும் என்று தோன்றுகிறது. வாரம் முழுக்க ஐந்து பேர் சுமக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வந்து காய் பறித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அப்படித்தானே? அதை முதலில் மாற்றுங்கள். தோட்டத்தில் இனிமையான வேலை என்று ஒன்று உண்டென்றால் அது பறிப்பதுதான், அது சுமந்தவருக்குப் போக வேண்டும். செடிக்கும் அதுதான் நல்லது. வெண்டையை ஞாயிறு வரை விட்டுவைத்தால் முற்றி நாராகிவிடும், விரல் நீளத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். பீன்ஸும் வெள்ளரியும் செடியிலேயே முற்றினால் நம் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே செவ்வாய் மாலை யார் தண்ணீர் விடுகிறாரோ அவரே பறிக்கட்டும். ஒரு கைப்பிடி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் கூடையில் வைக்கட்டும். தேவையுள்ளவர்களுக்கென்று போட்ட தோட்டத்தில் நாம் எடுக்கலாமா என்று கூச்சப்படுவார்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

புதிதாக ஆள் வேண்டுமென்றால் ஒவ்வொருவராக, பெயர் சொல்லி, சின்னதாகக் கேளுங்கள். "தோட்டத்துக்கு வாருங்களேன்" என்று கேட்டால் யாரும் வர மாட்டார்கள். "வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அரை மணி நேரம், நாலாம் பாத்தி மட்டும், நானும் இருப்பேன்" என்று கேட்டால் மூன்று பேரில் ஒருவராவது சரி என்பார். வயதானவர்களை வெயில் ஏறுவதற்குள் அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளிடம் களைக்கொத்தியைக் கொடுக்கும்முன் எது செடி, எது களை என்று தொட்டுக் காட்டுங்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு வரிசை கேரட் அப்படித்தான் போயிற்று, அவ்வளவு சுத்தமாகப் பிடுங்கியிருந்தார்கள்.

கடைசியாக அந்த மூப்பர். அவர்மேல் உங்களுக்கு இருக்கிற கோபம் நியாயமானதுதான். ஆனால் கவனித்தீர்களா, உங்கள் தோட்டத்துக்கு தினமும் வருகிற ஒரே ஆள் அவர்தான்! அதுவும் காலையில், சரியான நேரத்தில். நீங்கள் தேடிக்கொண்டிருக்கிற ஆளே அவர்தான், களை பிடுங்கத்தான் மாட்டார், அது முழங்கால் வலியாகக்கூட இருக்கலாம். எதிர்த்துப் பேசாமல், எங்களைப் போல நீங்களும் ஒரு கரும்பலகையைத் தொங்கவிட்டு, அவர் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்துவிடுங்கள். "ஐயா, நீங்கள் எப்படியும் காலையில் வருகிறீர்கள், ஒவ்வொரு பாத்தியிலும் மூடாக்கை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், இரண்டு கணு ஆழம்வரை காய்ந்திருந்தால் பலகையில் அந்த எண்ணுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள். மாலையில் வருகிறவர்கள் கோடு போட்ட பாத்திக்கு மட்டும் தண்ணீர் விட்டால் போதும். ஒத்துக்கொள்வாரா என்று கேட்பீர்கள். முதல் நாள் முனகுவார். இரண்டாம் வாரம், கோடு போட்ட பாத்திக்குத் தண்ணீர் விடாமல் விட்டது யார் என்று உங்களையே கூப்பிட்டுக் கேட்பார், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு மாலை மட்டும் ஒதுக்கினால் போதும். அட்டைப்பெட்டி, வைக்கோல், ஹோஸ். முதலில் தக்காளிப் பாத்தி.