டேவ் புரூபெக் இயற்றிய 'டேக் ஃபைவ்' ஏன் இன்றும் கொண்டாடப்படுகிறது?

முதலில் கேள்வியையே திருத்த வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் புரூபெக்கின் நால்வர் குழு 1959 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் பதிவு செய்த இந்த ஜாஸ் இசையை இயற்றியவர், அக்குழுவின் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். அதற்கு வித்திட்டவர் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ. ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் மொரெல்லோ விளையாடுவதைக் கேட்டுத்தான், அதற்கொரு மெட்டு எழுதும்படி டெஸ்மண்டிடம் சொன்னார் புரூபெக். டெஸ்மண்ட் கொண்டுவந்த இரண்டு மெட்டுகளை ஒரே உருப்படியாகக் கோத்தது புரூபெக்கின் யோசனை என்பதையும் நான் மறைக்கவில்லை.

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன் என்பதால் இது எனக்குச் சற்று உறைக்கும் விஷயம். ஒரு திருமண வரவேற்பில் இதை வாசிக்கச் சொன்னார்கள். சிறுவயதில் மிருதங்கம் கற்ற என் கை, ஐந்து என்றதும் கண்ட சாபு தாளத்தின் 'தக தகிட'வுக்குத்தான் போகும்; இதுவோ 'தகிட தக' என்று மூன்றுக்குப் பின் இரண்டாக விழுகிறது. நான்காவது எண்ணிக்கையின் அழுத்தத்தைத் தவறவிடாமல் இருக்க, ஒத்திகை முழுவதும் கீபோர்டுக்காரரின் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் நன்றாகவே அமைந்தது. கடைசியில் அறிவிப்பாளர் நன்றி சொன்னதோ கீபோர்டுக்காரருக்கும், இதில் ஒரு வரிகூடப் பாடாத பாடகர்களுக்கும்!

புரூபெக்கைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மூலப் பதிவில் அவர் தனக்கென்று தனி வாசிப்பே எடுத்துக்கொள்ளாமல், பெரும்பகுதி நேரம் அதே இரண்டு சுரக்கூட்டுகளை (chords) திரும்பத் திரும்ப வாசித்துத் தாளத்தைத் தாங்கிப் பிடிக்கிறார். அந்தப் பிடிமானம் இருப்பதால்தான் மொரெல்லோவால் எண்ணிக்கையைக் காட்டிக்கொண்டிராமல், அவசரமின்றி இடம்விட்டு இடம்விட்டு அடிக்க முடிகிறது. குழுத் தலைவருக்கு இப்படியொரு அடக்கம் அமைவது அபூர்வம்.

நான்கிலும் மூன்றிலும் பழகிய ஜாஸ் ரசிகர்களின் காதுக்கு ஐந்தைப் பழக்கியதே இதன் பெரிய சாதனை என்பேன். 1961இல் அமெரிக்கப் பாப் பட்டியலில் 25ஆம் இடம் வரை சென்றது. ஜாஸ் பாடகி கார்மென் மெக்ரே பாடுவதற்காக வரிகளும் எழுதப்பட்டன. பிற்காலத்தில் லாகூரின் சச்சல் இசைக்குழு சிதாரும் தபலாவும் கொண்டு வாசித்தது. 1977இல் மறைந்த டெஸ்மண்ட், இதன் உரிமைத்தொகை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சேரும்படி உயில் எழுதிவைத்தார். இயற்றியவர் என்ற இடத்தில் மொரெல்லோவின் பெயர் இல்லை.