ஆப்ஸ் டிபிஏ ஆக என்ன படிக்க வேண்டும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆரக்கிள் இ-பிசினஸ் சூட் என்பது நிறுவனங்களின் கணக்கு, கொள்முதல் போன்ற வேலைகளை நடத்தும் மென்பொருள். அதையும் அதன் டேட்டாபேஸையும் பார்த்துக்கொள்பவர்தான் ஆப்ஸ் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி). இந்தப் பராமரிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சில ஆண்டுகளாக ஆரக்கிள் டிபிஏ வேலை பார்க்கிறேன். பேக்கப், டியூனிங் எல்லாம் பழகிவிட்டது. இப்போது இ-பிசினஸ் சூட் சர்வரையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். புதிதாக எதைக் கற்க வேண்டும்?
– வாசகர், கோவை

பதில்: முதலில் சில பழக்கங்களை விட வேண்டும். இ-பிசினஸ் சூட் தன் டேட்டாபேஸைப் பற்றிய விவரங்களைத் தன்னுடைய டேபிள்களிலும் எழுதி வைத்திருக்கிறது. டேட்டாபேஸுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் எஸ்க்யூஎல் பிளஸில் கை வைத்தால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது.

ஆப்ஸ் ஸ்கீமாவின் (சூட் டேட்டாபேஸுக்குள் நுழையும் முதன்மைக் கணக்கு) பாஸ்வேர்டையே பாருங்கள். மற்ற டேட்டாபேஸ்களில் ‘ஆல்டர் யூசர்’ கட்டளை போதும். இங்கே அதே பாஸ்வேர்டு என்கிரிப்ட் ஆகி எஃப்என்டி_ஆரக்கிள்_யூசர்ஐடி டேபிளிலும் இருக்கிறது. நேராக மாற்றினால் அந்த டேபிளில் பழையதே நிற்கும். பின்னணி வேலைகளை நடத்தும் கன்கரன்ட் மேனேஜர் எழாது, பயனர்களால் லாகின் செய்யவும் முடியாது. சரியான முறை: அப்ளிகேஷன் பக்கச் சேவைகள் அனைத்தையும் நிறுத்துங்கள். எஃப்என்டிசிபாஸ் அல்லது ஏஎஃப்பாஸ்வேர்டு கருவியால் ஆப்எல்சிஸ் என்ற கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆப்ஸ், ஆப்ஸ்_என்இ கணக்குகளின் பாஸ்வேர்டுகளும் கூடவே மாறிவிடும். சூட்டின் 12.2 பதிப்பில் இன்னொரு படி உண்டு. அப்ளிகேஷனை இயக்கும் வெப்லாஜிக்கின் அட்மின் சர்வரை மட்டும் எழுப்பி, அது டேட்டாபேஸோடு இணையும் விவரங்களைக் கொண்ட டேட்டா சோர்ஸிலும் புதிய பாஸ்வேர்டைப் போட வேண்டும். அதன் பிறகுதான் மற்ற சேவைகள். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

டேபிள்களின் அளவு, தரவுப் பரவல் பற்றிய ஸ்டாட்டிஸ்டிக்ஸும் அப்படியே. டேட்டாபேஸின் டிபிஎம்எஸ்_ஸ்டாட்ஸை நேராக ஓட்டாமல், ‘கேதர் ஸ்கீமா ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்ற கன்கரன்ட் புரோகிராமை ஓட்டுங்கள். அது சூட்டின் சொந்த எஃப்என்டி_ஸ்டாட்ஸ் வழியாகப் போகும். எந்த டேபிளை விட வேண்டும், எந்த நெடுவரிசைக்கு ஹிஸ்டோகிராம் (மதிப்புகளின் பரவல் கணக்கு) வேண்டும் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது.

கான்ஃபிகரேஷன் ஃபைல்களைக் கையால் திருத்துவதும் வீண். அந்த ஃபைல்களைத் தானே எழுதும் ஆட்டோகான்ஃபிக் கருவி அடுத்த முறை ஓடும்போது நீங்கள் எழுதியது அழிந்துவிடும். அது மதிப்புகளை எடுக்கும் கான்டெக்ஸ்ட் ஃபைலில் மதிப்பை மாற்றி, ஆட்டோகான்ஃபிக்கை நீங்களே ஓட்டுங்கள்.

கேள்வி: வீட்டிலுள்ள கணினியில் இதை நிறுவிப் பழக முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: முடியும். பயிற்சிக்கென்றே ‘விஷன்’ என்ற மாதிரி நிறுவனத்தின் தரவுகளோடு ஆரக்கிள் ஒரு டேட்டாபேஸைத் தருகிறது. ஆரக்கிள் சாஃப்ட்வேர் டெலிவரி கிளவுடில் கணக்கு தொடங்கி இறக்கிக்கொள்ளலாம். உரிம நிபந்தனைகளைப் படித்துவிட்டு இறக்குங்கள். விஷன் டேட்டாபேஸுக்கு மட்டும் 200 ஜிபி வேண்டும். அப்ளிகேஷன் ஃபைல் சிஸ்டம் இரண்டு பிரதி, இறக்கிய ஜிப் ஃபைல்கள் என்று சேர்த்தால் 500 ஜிபி காலி இடம் இல்லாமல் தொடங்காதீர்கள். எஸ்எஸ்டி அவசியம். 16 ஜிபி ரேமில் நகரும். 32 இருந்தால்தான் பொறுமை சோதிக்கப்படாமல் வேலை நடக்கும்.

கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் ஆரக்கிள் லினக்ஸ் போட்டு, இ-பிசினஸ் சூட்டுக்கான பிரீ-இன்ஸ்டால் பேக்கேஜை நிறுவுங்கள். கெர்னல் அளவுகள், தேவையான லைப்ரரிகள், ஆரக்கிள், ஆப்எல்எம்ஜிஆர் ஆகிய இரு பயனர்கள் எல்லாவற்றையும் அதுவே அமைத்துவிடும். கணினியின் பெயரையும் முகவரியையும் இணைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஐபி முகவரி, அடுத்து டொமைனோடு முழுப்பெயர், அதன் பிறகு குறும்பெயர் என்ற வரிசை மாறக்கூடாது. குறும்பெயர் முன்னால் வந்தால் நிறுவல் பாதியில் நிற்கும். நின்ற இடத்தில் வரும் பிழைச் செய்தியில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது என்பதால் தேடிக் களைத்துப்போவீர்கள்.

நிறுவி முடித்ததும் நிறுத்தி எழுப்பப் பழகுங்கள். எழுப்பும்போது லிஸனர் (டேட்டாபேஸுக்கு வரும் இணைப்புகளை ஏற்பது), டேட்டாபேஸ், பிறகு அப்ளிகேஷன். நிறுத்தும்போது தலைகீழ். அப்ளிகேஷனை நிறுத்தும் ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டதாகச் சொன்னாலும், கன்கரன்ட் மேனேஜரின் எஃப்என்டிலிப்ஆர் புராசஸ்கள் இன்னும் ஓடுகின்றனவா என்று ‘பிஎஸ்’ கட்டளையால் பார்த்துவிட்டே டேட்டாபேஸைத் தொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரிக்வெஸ்ட் (கன்கரன்ட் மேனேஜரிடம் கொடுத்த வேலை) முடியும்வரை அவை போகாது.

கேள்வி: 12.2இல் ‘ஆன்லைன் பேட்ச்சிங்’ என்கிறார்கள். பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பேட்ச் போடுவது எப்படிச் சாத்தியம்? எங்கே சிக்கும்?
– வாசகர், சென்னை

பதில்: 12.1 வரை பேட்ச் போட்டு முடியும்வரை எல்லாரையும் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. 2013இல் வந்த 12.2 இதை மாற்றியது. அப்ளிகேஷன் ஃபைல்கள் எஃப்எஸ்1, எஃப்எஸ்2 என இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்றில் பயனர்கள் வேலை செய்வார்கள், மற்றதில் பேட்ச் ஏறும். இரண்டுக்கும் பொதுவானவை எஃப்எஸ்_என்இ என்ற மூன்றாவது இடத்தில். டேட்டாபேஸுக்குள் இதே வேலையை எடிஷன் வசதி செய்கிறது: பேக்கேஜ், வியூ போன்றவற்றின் புதிய வடிவம் தனி எடிஷனில் உருவாகும், பயனர் கண்ணில் படாது. ‘ஏடாப்’ என்ற கருவி பிரிப்பேர், அப்ளை, ஃபைனலைஸ், கட்ஓவர், கிளீனப் என ஐந்து கட்டங்களில் இதை நடத்துகிறது. கட்ஓவரில் மட்டும் சேவைகள் நிற்கும்.

சிக்கும் இடங்கள் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களிலும் ஒன்றேதான். ஏடாப்பை ரன் ஃபைல் சிஸ்டத்தின் (பயனர்கள் வேலை செய்யும் பிரதி) சூழலிலிருந்துதான் ஓட்ட வேண்டும். ஃபைல்_எடிஷன் மாறியில் ‘ரன்’ என்று இருக்கிறதா என ஒவ்வொரு முறையும் பாருங்கள். பேட்ச் சுழற்சி திறந்திருக்கும்போது ரன் பக்கத்தில் கான்ஃபிகரேஷனை மாற்றாதீர்கள். கட்ஓவரில் பக்கம் மாறும்போது அந்த மாற்றம் காணாமல் போகும். உங்கள் நிறுவனத்துக்கென எழுதிய கஸ்டம் ஃபைல்களுக்கும் இதே கதி நேரும். பிரிப்பேர் கட்டம் ஆரக்கிள் பேட்ச்களைத்தான் மறுபக்கத்தில் சமன் செய்யும். கஸ்டம் ஃபைல்களின் பாதையை ஏடாப்_சிங்க் என்ற டிரைவர் ஃபைலில் நீங்கள் எழுதி வைத்தால்தான் அவையும் போய்ச் சேரும். ‘போன மாதம் சரியாக வந்த ரிப்போர்ட் பேட்சுக்குப் பிறகு பழையபடி வருகிறது’ என்று அக்கவுன்ட்ஸ் பிரிவு சொன்னால் முதலில் அங்கே பாருங்கள்.

அப்ளையில் ஒரு வொர்க்கர் (பேட்ச் வேலைகளைப் பகிர்ந்து செய்யும் புராசஸ்) ‘ஃபெயில்ட்’ என்று நின்றால், அந்த எண்ணுக்குரிய ஏடிவொர்க் லாகைத் திறந்து, காரணத்தைச் சரிசெய்து, வொர்க்கர்களைக் கட்டுப்படுத்தும் ஏடிகன்ட்ரோலில் ‘மீண்டும் தொடங்கு’ கொடுங்கள். மெனுவில் தெரியாத 8ஆம் எண் அந்த வேலையைத் தாண்டிப் போய்விடும். ஆரக்கிள் சப்போர்ட் எழுத்தில் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள். தாண்டிய ஸ்கிரிப்ட் எந்த டேபிளைப் பாதியில் விட்டது என்பது மாதக்கடைசிக் கணக்கு முடிப்பின்போதுதான் தெரியவரும்.

பேட்ச் சுழற்சியைக் கைவிட முடிவு செய்தால் கட்ஓவருக்கு முன்பே ‘அபார்ட்’ கொடுக்க வேண்டும். அதன்பின் முழு கிளீனப், பிறகு பேட்ச் பக்கத்தை ரன் பக்கத்தின் நகலாக மீண்டும் கட்டும் எஃப்எஸ்_குளோன். கட்ஓவர் முடிந்துவிட்டால் அபார்ட் கிடையாது. ஆகவே கட்ஓவருக்கு முன் டேட்டாபேஸை அதே நிலைக்குத் திருப்ப உதவும் ரிஸ்டோர் பாயின்ட்டும் ஃபைல் சிஸ்டம் பேக்கப்பும் கையில் இருக்கட்டும். பழைய எடிஷன்கள் 25ஐ எட்டினால் எல்லாவற்றையும் இப்போதைய எடிஷனுக்குக் கொண்டுவரும் ‘ஆக்சுவலைஸ்_ஆல்’ ஓட்டி, கிளீனப்பை முழு முறையில் செய்து அவற்றைக் கழித்துவிடுங்கள்.

கேள்வி: புரொடக்‌ஷனிலிருந்து (அன்றாட வேலை நடக்கும் சர்வர்) டெஸ்ட் சர்வருக்குக் குளோன் (முழு நகல்) எடுத்தோம். மறுநாள் டெஸ்ட்டிலிருந்து சப்ளையர்களுக்கு மெயில் போய்விட்டது. என்ன தவறு?
– வாசகர், பெங்களூரு

பதில்: டேட்டாபேஸோடு அனுப்பக் காத்திருந்த வொர்க்ஃப்ளோ நோட்டிஃபிகேஷன்களும் (சூட் தானாக அனுப்பும் அறிவிப்புகள்) வந்துவிட்டன; அவற்றை மெயிலாக அனுப்பும் மெயிலர் எழுந்ததும் தன் வேலையைச் செய்தது. டெஸ்ட் டேட்டாபேஸ் திறந்த பிறகு, அப்ளிகேஷன் சேவைகளை எழுப்புவதற்கு முன், இவற்றை முடித்துவிடுங்கள்.

டபிள்யூஎஃப்_நோட்டிஃபிகேஷன்ஸ் டேபிளில் மெயில் நிலை ‘மெயில்’ என்றுள்ள வரிகளை ‘சென்ட்’ என்று மாற்றுங்கள். பிறகு டபிள்யூஎஃப்என்டிஎஃப்க்யூஅப் ஸ்கிரிப்டை ஓட்டினால் வரிசை காலியாகிப் புதிதாகக் கட்டப்படும். எல்லா மெயிலும் ஒரே இடத்துக்குப் போக, மெயிலருக்கு ஓவர்ரைடு முகவரியாக உங்கள் குழுவின் முகவரியைக் கொடுங்கள். நிலுவையிலுள்ள கன்கரன்ட் ரிக்வெஸ்ட்களை ஹோல்டில் வையுங்கள். இல்லாவிட்டால் வங்கிக்கு ஃபைல் அனுப்பும் ரிக்வெஸ்ட்டும் தன் நேரத்துக்கு ஓடும். புரொடக்‌ஷனைக் காட்டும் டேட்டாபேஸ் லிங்க்குகளை நீக்குங்கள். எஃப்என்டி_கான்க்_குளோன் பேக்கேஜின் செட்டப்_கிளீனை ஓட்டி, டேட்டாபேஸ் பக்கமும் அப்ளிகேஷன் பக்கமும் ஆட்டோகான்ஃபிக் ஓட்டினால் பழைய சர்வர் பெயர்கள் போய்விடும். பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். சைட் நேம் புரொஃபைலில் ‘டெஸ்ட்’ என்றும் குளோன் எடுத்த தேதியையும் எழுதினால், பயனர் எந்த சர்வரில் இருக்கிறோம் என்று குழம்ப மாட்டார். இந்த டேபிள் திருத்தங்கள் குளோனில் மட்டும்தான். புரொடக்‌ஷனில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

கேள்வி: எல்லாம் கிளவுடுக்குப் போகும்போது இந்த வேலை இருக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: ஆரக்கிளின் இணையவழி மென்பொருளான ஃப்யூஷன் கிளவுடுக்கு மாறும் நிறுவனத்தில் டேட்டாபேஸை ஆரக்கிளே பார்த்துக்கொள்ளும், அங்கே இந்த வேலைக்கு இடமில்லை. இ-பிசினஸ் சூட்டிலேயே தொடரும் நிறுவனங்களில் வேலை இருக்கிறது. 12.1க்கான பிரீமியர் சப்போர்ட் (ஆரக்கிளின் முழு ஆதரவு) 2021 டிசம்பரோடு முடிந்தது, 12.2க்கு 2030ஐத் தாண்டியும் உறுதி தந்திருக்கிறார்கள். 19சி டேட்டாபேஸில் இ-பிசினஸ் சூட் ஓட வேண்டுமானால் கன்டெய்னர், பிளக்கபிள் அமைப்பு (ஒரு டேட்டாபேஸுக்குள் இன்னொன்றைப் பொருத்துவது) கட்டாயம். அதையும், ஆரக்கிள் கிளவுடில் இ-பிசினஸ் சூட்டை நிறுவ உதவும் கிளவுட் மேனேஜரையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: மை ஆரக்கிள் சப்போர்ட்டுக்குள் நுழைய முடியவில்லை. எதைப் படிப்பது?
– வாசகர், மதுரை

பதில்: ஆரக்கிளின் அந்த உதவித் தளத்துக்கு நிறுவனத்தின் சப்போர்ட் எண் வேண்டும். ஆனால் 12.2இன் கையேடுகள் ஆரக்கிளின் ஆவணத் தளத்தில் எல்லாருக்கும் இலவசம். முதலில் கான்செப்ட்ஸ் கையேடு, அடுத்து மெயின்டெனன்ஸ் கையேட்டில் பேட்ச்சிங் பகுதி, அதன்பின் செட்டப் கையேட்டில் கன்கரன்ட் மேனேஜர் பகுதி. விஷன் சர்வரைப் பக்கத்தில் திறந்து வைத்து, படிக்கும் ஒவ்வொரு கட்டளையையும் அன்றே ஓட்டிப் பாருங்கள். ஓட்டுமுன் சேவைகளை நிறுத்தி விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.