கிணற்று வாயில் பாலிமர் ஏன் மெலிகிறது?

கேள்வி: எண்ணெய் வயலில், நிலத்தடி எண்ணெயை உற்பத்திக் கிணற்றை நோக்கித் தள்ளுவதற்காகச் செலுத்தும் பாலிமர் கரைசலைத் தயாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஆய்வகத்தில் 20 சென்டிபாய்ஸ் பிசுக்குமை காட்டும் கரைசல், அதைச் செலுத்தும் கிணற்றின் வாயில் பிடித்த மாதிரியில் 11தான் காட்டுகிறது. பவுடர் மட்டமானதா?

பவுடரைக் குறை சொல்லும் முன், மாதிரியை எப்படிப் பிடித்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும். நீங்கள் பயன்படுத்துவது பாலிஅக்ரிலமைடு வகை என்றால், அதன் மூலக்கூறு நீண்ட சங்கிலி போன்றது; மூலக்கூறு எடை 2 கோடி வரைகூடப் போகும். கரைசலுக்குப் பிசுக்குமை தருவதே அந்த நீளம்தான். அழுத்தம் மிகுந்த குழாயில் சின்ன வால்வைத் திறந்து பாட்டிலில் பிடித்தால், அந்த இடுக்கில் சீறி வரும்போதே சங்கிலிகள் அறுந்துவிடும். அப்புறம் காற்றும் சேரும். நிலத்தடியிலிருந்து வரும் நீரில் கரைந்த இரும்பு இருந்தால், அதோடு ஆக்சிஜன் வினைபுரிந்து, பாட்டிலுக்குள்ளேயே பாலிமரை உடைத்துக்கொண்டிருக்கும். மூடிய சாம்பிள் சிலிண்டரில் மெதுவாகப் பிடித்து, அழுத்தத்தையும் மெதுவாக இறக்கி, காற்று படாமல் அளந்து பாருங்கள்.

அப்போதும் 11தானா? சரி, ஆய்வகத்தில் எந்த நீரில் கரைத்தீர்கள்? இந்தப் பாலிமரின் எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால்தான் சங்கிலி விரிந்து நிற்கிறது. உப்பு, குறிப்பாக கால்சியமும் மக்னீசியமும், அந்த விலக்கத்தை அடக்கிவிடும். சங்கிலி சுருண்டுகொள்ளும். அதனால் வயலில் செலுத்தும் அதே நீரில் கரைத்து, அதே வெப்பநிலையில், பிசுக்குமையை அளக்கும் விஸ்காமீட்டரின் அதே சுழற்சி வேகத்தில் அளந்தால்தான் ஒப்பீடு செல்லும்.

குறைவது உறுதியானால், பாலிமரின் அளவைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உடைவதற்கென்றே பவுடர் வாங்குவது போலாகிவிடும். அதே நேரம், இந்த இழப்பை அலட்சியப்படுத்தவும் முடியாது. ராஜஸ்தானின் பார்மேர் அருகே உள்ள மங்களா வயலில் எண்ணெய் தண்ணீரைவிடப் பல மடங்கு பிசுக்கானது. அப்படிப்பட்ட இடத்தில் மெலிந்த நீர் எண்ணெயைத் தள்ளாமல், அதைக் கிழித்துக்கொண்டு உற்பத்திக் கிணற்றுக்கு ஓடிவிடும்.

ஒரே நாளில் மூன்று இடங்களில் மாதிரி எடுங்கள்: தாய்க்கரைசல் (முதலில் அடர்த்தியாகக் கரைத்து வைக்கும் கரைசல்) தொட்டி, பம்புக்கு அப்பால், கிணற்று வாய். தாய்க்கரைசலை மட்டும் செலுத்தும் செறிவுக்கு நீர்த்து அளக்க வேண்டும். தொட்டியிலேயே குறைவென்றால், பவுடர் முழுதாகக் கரையாமல் கட்டிகட்டியாக நிற்கலாம். ஊறும் நேரத்தையும் கலக்கும் விதத்தையும் பாருங்கள். பம்பைத் தாண்டியதும் சரிந்தால் பம்பைச் சோதியுங்கள். மையவிலக்குப் பம்பு இதற்கு ஆகாது. அதற்கும் அப்பால்தான் இழப்பு என்றால், ஓட்டத்தை இறுக்கிக் குறைக்கும் சோக் வால்வை அகற்றிவிட்டு ஓட்டத்தை வேறு வழியில் கட்டுப்படுத்த முடியுமா என்று உங்கள் பொறியாளரிடம் பேசுங்கள்.