தஸ்பீஹ் மணிக்குள் இருப்பது புதிய பூச்சியினமா?

கேள்வி: கட்டாரிலிருந்து வாப்பா கொண்டுவந்த அம்பர் தஸ்பீஹின் (திக்ர் ஓதும் மணிமாலையின்) மணியொன்றுக்குள் சிறு பூச்சி தெரிகிறது. அழிந்துபோன புதிய பூச்சியினமொன்று அம்பருக்குள் கண்டறியப்பட்டதாகச் செய்தியில் வாசித்தேன். எங்களுடையதும் அப்படியிருக்குமா? எப்படிச் சோதிப்பது? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: இனத்தைப் பற்றி யோசிக்குமுன், அந்த மணி அம்பர்தானா, அதாவது நெடுங்காலம் மண்ணில் புதைந்து கல்போல இறுகிய மரப்பிசின்தானா, என்று பாருங்கள், அம்பர் என்ற பெயரில் பேக்கலைட்டும் பிளாஸ்டிக்கும் தாராளமாக விற்பனையாகின்றன. மணியை நூலிலிருந்து கழற்றி, கறியுப்பு இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்து ஆறவைத்த தண்ணீரில் இடுங்கள். அம்பரின் அடர்த்தி ஏறத்தாழ 1.05 முதல் 1.10 வரை என்பதால், நல்ல தண்ணீரில் அமிழும் அது 1.2 அடர்த்தியுள்ள இந்தக் கரைசலில் மிதக்கும். பேக்கலைட் இரண்டிலும் அமிழும். மிதந்துவிட்டது என்று உடனே மகிழவும் வேண்டாம், ஏனெனில் பொலிஸ்டைரீனும், அம்பராக முதிராத கோபல் பிசினும் மிதக்கும். துளையோரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்தால் அவையிரண்டும் பிசுபிசுக்கும். சுட்ட ஊசியால் குத்தும் பழக்கம் மணியைப் பழுதாக்கும். அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்து, டோர்ச் வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மணியின் நட்டநடுவில், சிறகு விரித்து, ஒரு காலும் மடங்காமல் இருக்கும் பெரிய பூச்சி பெரும்பாலும் அண்மையில் வார்க்கப்பட்டதே. பால்டிக் அம்பரிலோ, பூச்சியின் ஒரு பக்கத்தில் பால்போன்ற வெண்படலம் படிந்திருப்பதையும், ஓக் மரத்தின் நட்சத்திர வடிவ நுண்மயிர்கள் அருகே சிதறிக் கிடப்பதையும் அடிக்கடி காணலாம்.

இவற்றில் தேறினாலும் புதிய இனமென்று சொல்லிவிட முடியாது. உணர்கொம்பின் கணுக்களையும் சிறகு நரம்புகளையும் ஏற்கெனவே விவரிக்கப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டாக வேண்டும். மியன்மாரின் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழைமையான அம்பரில் கிடைத்த, முக்கோணத் தலையுடைய ஏத்தியோகரீனஸ் பர்மானிக்கஸ் பூச்சியை 2017இல் விவரித்த ஜோர்ஜ் பொய்னாரும் அலெக்ஸ் பிரவுனும் அதற்கெனத் தனி வரிசையையே (வண்டுகள், ஈக்கள் போன்ற பெரும் பூச்சிப் பிரிவொன்றையே) உருவாக்கினார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் அதை வேறு வரிசையில் சேர்த்தார்கள். நிபுணர்களிடையேயே நிலைமை இதுதான். அத்துடன், புதிய இனத்துக்குப் பெயரிடுவோர் அதன் வகைமாதிரி (அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி) எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் குறிப்பிட வேண்டும் என்பது விலங்குப் பெயரிடல் விதி. அதாவது மணியைக் கையளிக்க நேரும். எந்த நாட்டு அம்பர் என்று தெரியாவிட்டால் வயதும் தெரியாது என்பதால், வாங்கிய கடையின் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினருக்குக் காட்ட விரும்பினால், முதலில் தெளிவான படம் எடுங்கள். மணியின் வளைவில் ஒளி தெறித்துப் பூச்சி மங்கலாகத் தெரியும்; கெட்டியான சீனிப்பாகை ஒரு துளி விட்டு, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்தால் தெறிப்பு அடங்கும், பாகையும் பிறகு கழுவிவிடலாம்.