மவுண்ட் செய்ததைத் திரும்ப எக்ஸ்போர்ட் செய்யலாமா? – கேள்வி பதில்

லினக்ஸில் ஒரு என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) சேர்வரிலிருந்து மவுண்ட் செய்த, அதாவது நம் மெஷினில் இணைத்த, கோப்புறையை மூன்றாவது மெஷினுக்கு என்எஃப்எஸ் வழியே கொடுப்பது (எக்ஸ்போர்ட்) பற்றி நம் திருகோணமலை ஆட்கள் அனுப்பிய கேள்விகள், கேட்டவரின் ஊர்ப் பெயரோடு. முதல் சேர்வரை 'மூலம்' என்கிறேன்.

உப்புவெளி: அண்ணா, எக்ஸ்போர்ட் செய்தால் 'எஃப்எஸ்ஐடி வேண்டும்' என்று திட்டுகிறது.

உள்ளூர் டிஸ்க் என்றால் அதன் யூயூஐடியை (டிஸ்க்கிலேயே பதிந்த அடையாள எண்) வைத்துக் கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அடையாளம் காணும். உங்களிடம் இருப்பது இன்னொருவரின் டிஸ்க். இங்கே அதற்கு அடையாளம் இல்லை. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அந்த வரியில் எஃப்எஸ்ஐடி=10 என்று நீங்களே ஒரு அடையாள எண் கொடுங்கள். ஒவ்வொரு மவுண்டுக்கும் வேறு எண். 0 வேண்டாம், அது என்எஃப்எஸ் நான்காம் பதிப்பின் வேர்க் கோப்புறைக்கு உரியது. கொடுத்த எண்ணைப் பிறகு மாற்றினால் கிளையன்ட் எல்லாம் 'ஸ்டேல்' (பழைய அடையாளம் செல்லாது) என்று விழும். அப்புறம், மூல சேர்வர்க்காரரிடம் சொன்னீர்களா?

கிண்ணியா: சில கோப்புறைகள் மூன்றாம் பதிப்பில் திறக்கவில்லை, நான்கில் திறக்கின்றன.

கோப்புக் கைப்பிடியின் (சேர்வர் ஒவ்வொரு கோப்புக்கும் கொடுக்கும் அடையாளச் சீட்டு) அளவுதான் காரணமாக இருக்கும். மூன்றாம் பதிப்பில் உச்சம் 64 பைட், நான்கில் 128. நடுவில் நிற்கும் சேர்வர் மூலக் கைப்பிடியைத் தன் உறைக்குள் போட்டு அனுப்புகிறது. முதலே நீளமாக இருந்தால் 64க்குள் அடங்காது. நான்கிலேயே இருங்கள்.

சீனன்குடா: எஃப்எஸ்ஐடி என்றால்?

மேலே.

மூதூர்: தம்பி, இதெல்லாம் புதுசா? தொண்ணூறுகளில் சேர்வருக்கு மைனஸ் ஆர் (-r, திரும்ப எக்ஸ்போர்ட் செய்ய விடும் ஆப்ஷன்) போட்டால் போதும், ஓடும்.

ஐயா சொல்வது சரி. அந்தப் பழைய என்எஃப்எஸ் சேர்வர் கேர்னலுக்கு வெளியே ஓடிய சாதாரண புரோகிராம். கோப்பைப் பாதை வழியே திறந்து கொடுத்தது, ஆகவே மவுண்ட் யாருடையது என்று கவலைப்படவில்லை. ஆனால் தன்னையே மவுண்ட் செய்து திரும்பக் கொடுத்தால் பூட்டிக்கொள்ளும் என்று அதன் மேனுவலே எச்சரித்தது.

மூதூர்: எனக்கு ஒருநாளும் பூட்டவில்லை.

நீங்கள் அப்படித் தன்னையே மவுண்ட் செய்யும் லூப்பில் போடவில்லை, அவ்வளவுதான். வேகத்துக்காக எல்லோரும் கேர்னல் சேர்வருக்கு வந்தார்கள். இந்தத் தலையிடியும் கூடவே வந்தது.

நிலாவெளி: மூலம் விழுந்தால் எங்கள் சொந்த டிஸ்க் ஷெயரும் நிற்கிறதே?

எனக்கும் உட்துறைமுக வீதியில் ஒரு அலுவலகத்தில் இதே கதை. கரண்ட் போய் மூலம் படுத்தது, ஆனால் திட்டு விழுந்தது யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த என் சேர்வருக்கு. ஹார்ட் மவுண்ட் பதில் வரும்வரை காத்திருக்கும். கோரிக்கைகளைக் கவனிக்கும் என்எஃப்எஸ்டி திரெட்டுகள் பல இடங்களில் எட்டே எட்டு. கடையில் எட்டு வேலையாட்களும் வராத ஒரே லொறியைப் பார்த்து நின்றால் கல்லாவில் யார்? திரெட்டைக் கூட்டினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சிறிது நேரத்தில் கைவிட்டுவிடும் சொஃப்ட் மவுண்டுக்குப் போகாதீர்கள், எழுதும்போது தரவு போகும்.

தம்பலகாமம்: அதில் டேட்டாபேஸ் வைக்கலாமா அண்ணா?

வேண்டாம். நடு சேர்வர் ரீபூட் ஆனால் லொக்குகளை (கோப்பின் மேல் போட்ட பூட்டுகள்) மீட்க முடியாது. மூலம் ரீபூட் ஆகாததால் அது மீட்பு அவகாசம் தராது. இடையில் வேறொருவர் அந்தக் கோப்பை மாற்றியிருக்கலாம்.

ஓர்ஸ் ஹில்: விண்டோஸுக்குக் கொடுக்க?

மவுண்டின் மேல் சம்பா (விண்டோஸுக்குக் கோப்பு பகிரும் சேர்வர்). முடிந்தது.

சாம்பல்தீவு: எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸைத் (எஸ்எஸ்எச் வழியே மவுண்ட் செய்தது) திரும்பக் கொடுத்தாலும் எஃப்எஸ்ஐடி கேட்கிறது...

கேட்கும். கொடுங்கள். மூன்றாவது ஆள் நீங்கள்.

கன்னியா: மூலம் எங்கள் ஒரே ஐபியைத்தான் அனுமதிக்கிறது. அதனால்தான் இந்த வழி.

இதைத்தான் முதல் பதிலிலேயே கேட்டேன். மூல சேர்வருக்குத் தெரிவது உங்கள் ஒரு முகம் மட்டும். பின்னால் இருபது பேர் வந்தாலும் அதற்குத் தெரியாது. யூஐடியையும் (பயனர் எண்) நீங்கள் சொன்னபடியே நம்பும். அந்தக் காவலை நீங்களே உடைக்கிறீர்கள். போய்ச் சொல்லி, மற்ற ஐபிகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போது ரீ-எக்ஸ்போர்ட்டே தேவைப்படாது.

மூதூர்: மைனஸ் ஆர்...

ஐயா, அந்தப் பழைய சிடி இருந்தால் அடுத்த முறை டவுனுக்கு வரும்போது கொண்டு வாருங்கள். போட்டுப் பார்ப்போம்.